‘பார்த்துக்கலாம் சார்’ என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குகின்றன போலிருக்கிறது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி விசேஷ வீட்டுக் கடிதங்கள். மிக்ஸி, வாஷிங் மெஷின்காரர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு முதல் பிறந்தநாள். ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். மண்டபமா, ஹோட்டலா, எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியா என்று மூன்று வாரமாக வீட்டில் பேச்சு. எதை முதலில் முடிவு செய்வது?
– வாசகி, திருச்சி

எத்தனை இலை என்பதை. இடத்தைப் பற்றி மூன்று வாரம் பேசியிருக்கிறீர்கள், ஆள் கணக்கைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

‘நூறு, நூத்தம்பது பேர் வருவாங்க’ என்பது கணக்கு ஆகாது. இலை 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்த இடைவெளி மட்டும் 17,500 ரூபாய். பழைய டைரி ஒன்றை எடுத்துப் பெயர் பெயராக எழுதுங்கள். நேரில் போய்க் குங்குமம் கொடுத்து அழைக்கிறவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் அழைப்பு போகிறவர்களில் பாதிப் பேர் கேக் படத்தை அனுப்பி முடித்துக்கொள்வார்கள். இது என் அனுபவக் கணக்கு. உங்கள் சொந்தக்காரர்களை உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து, எந்த வேளைச் சாப்பாடு? காலை டிபன் என்றால் இட்லி, பொங்கல், வடை, கேசரியோடு கௌரவமாக முடிந்துவிடும். அதே கூட்டத்துக்கு ராத்திரி விருந்து என்றால் ஐட்டம் கூடும், செலவும் கூடும். ஒரு வயதுக் குழந்தை ராத்திரி எட்டு மணிக்குத் தூக்கத்தில் வீறிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். அறுபது பேருக்குள் என்றால் மொட்டை மாடியில் ஷாமியானா போதும். நூறைத் தாண்டினால் சின்ன ஹால் பாருங்கள். ஆள் கணக்கையும் வேளையையும் எழுதி வைத்துவிட்டால் இடம் தானாக முடிவாகிவிடும்.

நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பேசி 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தோம். இரண்டு மாதம் இருக்கும்போது என் மாமனார் காலமாகிவிட்டார். விசேஷத்தைத் தள்ளிவைத்துவிட்டு அட்வான்ஸைக் கேட்டால், ‘திருப்பித் தரப்படமாட்டாது’ என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். அதே நாளில் அங்கே வேறொரு கல்யாணம் நடந்ததைப் பிறகுதான் அறிந்தோம்.
– வாசகர், சேலம்

துக்க வீட்டில் இருந்துகொண்டு இதற்கும் அலைந்திருக்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது. அந்த அச்சடித்த வரியைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தம் முறிந்தால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதே நாளை வேறொருவருக்கு விட்டு வாடகை வாங்கிய பிறகு மண்டபத்துக்கு என்ன இழப்பு? ஏதோ சில்லறைச் செலவு என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளட்டும். நாற்பதாயிரத்தையும் விழுங்க நியாயமில்லை. வாடிக்கையாளருக்கு மட்டும் அளவுக்கு மீறிய தண்டம் போடுவது நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

அந்த இன்னொரு கல்யாணத்தின் பத்திரிகையோ, வாசல் பேனர் படமோ கிடைக்குமா பாருங்கள். உங்கள் வழக்கின் உயிரே அதுதான். பிறகு பதிவுத் தபாலில் 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் ஊரிலேயே போடலாம், மண்டபம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அறுபது பேர் வரும் வளைகாப்பு, சொந்த வீட்டு ஹாலில். போட்டோகிராஃபர் ட்ரோன் இலவசம் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகி, ஈரோடு

சீலிங் ஃபேனை முதலில் கழற்றிவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமில் பார்த்த அலங்காரக்காரருக்கு 25,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். ‘மேடை மாடல் அப்புறம் பார்த்துக்கலாம் மேடம்’ என்றார். இப்போது போன் அணைந்திருக்கிறது. அந்தப் பக்கத்தையும் காணோம். கடை எங்கே என்று நான் கேட்கவில்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

கேட்கவில்லை என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள், நான் வேறு திட்ட வேண்டாம். ஆனாலும் ஒரு வார்த்தை: காய்கறிக் கடையில் ஒரு கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற நாம், முகம் தெரியாதவருக்கு இருபத்தைந்தாயிரத்தை ஒரு விரலில் அனுப்பிவிடுகிறோம்.

சரி. கடிதத்தை இங்கேயே வைத்துவிட்டு 1930க்குப் போன் போடுங்கள். அது இணையப் பண மோசடிக்கான எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், சாட் படங்கள் எதையும் அழிக்காதீர்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஏமாந்தது அவமானம் என்று வீட்டில் மறைத்து வைத்திருந்தால், முதலில் வீட்டில் சொல்லுங்கள். அவமானம் அந்த ஆளுக்கு.

மண்டப வாடகை 60,000 என்றார்கள். நண்பர் ஒருவர், அங்கே போன மாதம் கடைசி பில் லட்சத்தைத் தாண்டியது என்கிறார். எப்படி?
– வாசகர், மதுரை

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

நம் ஊரில் மண்டபக்காரர்கள் ‘வாடகை’ என்று சொல்வது வெறும் நான்கு சுவருக்கு. விளக்கு எரிந்தால் கரண்ட் தனி. கரண்ட் போனால் ஜெனரேட்டர் தனி, அதற்கு டீசல் தனி. சமைத்தால் சிலிண்டர் தனி, பாத்திர வாடகை தனி. சாப்பிட்டால் கூட்டிப் பெருக்குவது தனி, குப்பை அள்ளுவது தனி. கார் நிறுத்தினால் வாட்ச்மேன் தனி. ஏ.சி. ஹால் என்று போர்டில் போட்டிருப்பார்கள், ஏ.சி.யைப் போட்டால் மணிக்கணக்கு தனி. வெளியிலிருந்து சமையல்காரரையோ அலங்காரக்காரரையோ கூட்டி வந்தால் அதற்கும் ஒரு தொகை. எதற்கென்று நானும் பல பேரைக் கேட்டுவிட்டேன், ‘அது வழக்கம் சார்’ என்பதற்கு மேல் பதில் வந்ததில்லை. எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஜி.எஸ்.டி. தனி.

விளம்பரத்தில் வருவது அந்த அறுபதாயிரம் மட்டும். பேருந்து டிக்கெட் எடுத்துவிட்டு உட்கார்ந்த பிறகு சீட்டுக்குத் தனியாகக் காசு கேட்டால் நடத்துநரைச் சும்மா விடுவோமா? மண்டபத்தில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறோம். வாசலில் சம்பந்தி நிற்கிறாரே, அவர் எதிரில் பில்லுக்குச் சண்டை போட முடியாதே. அந்தச் சங்கடம்தான் அவர்கள் மூலதனம்.

ஆகவே அட்வான்ஸுக்கு முன்னால் ஒரு தாளில் இதெல்லாம் கேட்டு எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்: வாடகையில் எதெல்லாம் அடக்கம், கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு. ‘நாள்’ என்றால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? பல இடங்களில் முந்தின நாள் பிற்பகலிலிருந்து விசேஷ நாள் பிற்பகல் வரை ஒரு நாள். நீங்கள் காலை ஆறிலிருந்து ராத்திரி வரை என்று நினைத்துக்கொண்டிருந்தால் ஒன்றரை நாள் வாடகை கொடுப்பீர்கள். சாவி வாங்கும்போது அவர்கள் ஆளையும் கூட்டிப் போய் மீட்டரைப் போனில் படம் எடுங்கள், ஜெனரேட்டர் மீட்டரையும். பாத்திரத்தை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள். எண்ணாவிட்டால், காணாமல் போன கரண்டிகளின் எண்ணிக்கையை அவர்கள் சொல்வார்கள்.

நேரில் போய்ப் பார்ப்பதும் முக்கியம். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் அப்பாவின் சதாபிஷேகத்துக்கு முதல் மாடி மண்டபம் ஒன்றைப் போனிலேயே பேசினேன். ‘லிஃப்ட் இருக்கா?’ ‘இருக்கு சார்.’ இருந்தது, ஆறு மாதமாக ஓடாமல். எண்பது வயதுக்காரர் விசேஷத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் எழுபத்தைந்துக்கு மேல். என் சித்தப்பா பையன்கள் நாலு பேர் பெரியவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கினார்கள். அப்பாவின் பள்ளித் தோழர் ஒருவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு அவருக்கு அங்கேயே இலை போட்டோம். அப்பா மாலையோடு கீழே இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். லிஃப்ட் இருக்கிறது என்று மண்டபக்காரர் சொன்னது பொய்யில்லை. ஓடுகிறதா என்று நான் கேட்கவில்லை.

கேட்டரிங்கில் 250 இலை பேசினோம். வந்தது 180 பேர். அவர் 300 இலைக்குப் பில் போடுகிறார்.
– வாசகர், தஞ்சாவூர்

250க்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் சொன்ன எண்ணிக்கைக்கு அவர் காய்கறி, மளிகை வாங்கி, ஆளும் போட்டிருப்பார். ஆனால் மீதி 70 பேர் சாப்பாடு உங்களுடையது, அது எங்கே போயிற்று என்று கேட்டீர்களா? முன்னூறு எங்கிருந்து வந்தது? பந்தியில் இலை எண்ண உங்கள் பக்கம் யாரையும் நிறுத்தவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ‘கடைசியில் பார்த்துக்கலாம்’ என்றிருப்பீர்கள். எண்ணிக்கைக்கு ஆதாரம் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் 250க்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: எதிர்பார்ப்பதைவிடக் குறைத்தே உறுதி எண்ணிக்கை கொடுங்கள். 240 பேர் வருவார்கள் என்று தோன்றினால் 200 உறுதி, கூடினால் அதே விலை என்று எழுதிக்கொள்ளுங்கள். பஃபே என்றால் தட்டுகளை ஆரம்பத்திலும் முடிவிலும் எண்ணுங்கள். இந்த வேலைக்கு, யாரோடும் நின்று பேசாத ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். கேட்டரிங்காரரின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாதவர் கையில் இருநூறு பேர் வயிற்றைக் கொடுக்காதீர்கள்.

மொட்டை மாடியில் டி.ஜே. வைக்கிறோம். பதினொரு மணி வரை ஓட்டலாமா?
– வாசகர், சென்னை

பத்தோடு நிறுத்துங்கள். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. டி.ஜே.க்கு மணிக்கணக்கில் காசு பேசியிருந்தால் அந்தப் பதினோராவது மணியைக் கழித்துப் பேசுங்கள்.

ஹோட்டல் பார்ட்டி ஹாலில் விருந்து வைத்தோம். பில்லில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?
– வாசகி, புதுச்சேரி

வேண்டாம். பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள், மறுத்தால் 1915. பரிமாறிய பையனுக்கு மனம் வந்தால் கையில் கொடுங்கள்.

ரிட்டர்ன் கிஃப்டுக்கு ஆன்லைனில் 150 எவர்சில்வர் டப்பா பார்த்தேன். கடையைவிடப் பாதி விலை. ஆர்டர் போடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

என் பரண்மேல் நூற்றுத் தொண்ணூறு இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெண் கல்யாண வரவேற்புக்கு நான் வாங்கியது. படத்தில் ஒரு கை டப்பாவைப் பிடித்திருந்தது. அது குழந்தையின் கை என்பதை நான் கவனிக்கவில்லை. வந்து சேர்ந்தது குங்குமச் சிமிழ் அளவு. ஒன்றில் முந்திரி போட்டுப் பார்த்தோம், நாலு முந்திரியோடு மூடி நின்றுவிட்டது. கடைசி நேரத்தில் கடைவீதிக்கு ஓடி இரண்டு மடங்கு விலையில் வேறு வாங்கினோம். பத்து டப்பாவில் ஆணியும் திருகாணியும் போட்டு வைத்திருக்கிறேன்.

போடத்தான் வேண்டும் என்றால் முதலில் ஒன்றே ஒன்று வாங்கிப் பாருங்கள். எத்தனை மில்லி, எத்தனை கிராம் என்று படியுங்கள், படத்தை நம்பாதீர்கள். பெயர் பொறிப்பதானால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்பே கேளுங்கள்.

ஆடியில் மண்டப வாடகை கணிசமாகக் குறைகிறது. பையன் பிறந்தநாள்தானே, முகூர்த்தம் எதற்கு என்கிறேன். மாமியார் ஒப்பவில்லை.
– வாசகி, விருதுநகர்

சேமிப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டு அத்தையிடம் காட்டுங்கள். அதற்கு மேல் இந்தப் பகுதியின் அதிகாரம் செல்லாது.

பேப்பர் தட்டு, கப் மொத்தமாக வாங்க எங்கே விலை குறைவு?
– வாசகர், வேலூர்

பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. வாழையிலைக் கட்டு சந்தையில் கிடைக்கும்.

பலூன்காரர் இரண்டு விலை சொல்கிறார். மேலே பறக்கும் பலூனில் ஒன்று பாதி விலை. ரெண்டும் ஒரே காற்றுதான் என்கிறார்.
– வாசகி, திண்டுக்கல்

இல்லை. விலை அதிகமானது ஹீலியமாக இருக்கும், அது தீப்பிடிக்காது. பாதி விலை என்றால் அநேகமாக ஹைட்ரஜன். கேக் மேல் மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்தில் அந்தப் பலூன் கொத்தைக் கட்டி, சுற்றிப் பத்துக் குழந்தைகளை நிறுத்தினால் என்ன ஆகும்? ‘ஹீலியம்’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வாயால் ஊதும் பலூனைச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.