பழைய மொரிஸ் மைனருக்குப் புதிய வயர்க் கட்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்களிடம் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கிய நாளிலிருந்து வெள்ளவத்தையில், கடற்கரைக்கு மிக அருகிலேயே நிற்கிறது. சில மாதங்களாகப் பள்ளத்தில் ஏறி இறங்கினால் ஹோர்ன் தானாக ஒலிக்கிறது; ஹெட்லைட்டும் மங்கி மங்கி எரிகிறது. ஒரு மின்வேலைக்காரர் பழுதான இடங்களை மட்டும் வெட்டி ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் எல்லா வயரையும் அறுத்தெடுத்துவிட்டு, கடையில் கிடைக்கும் வயரில் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலாமவரின் யோசனையை விட்டுவிடுங்கள். இரண்டாமவரின் யோசனை பாதி சரி; ஆனால் பழைய வயர்க் கட்டை அறுத்தெடுக்க மட்டும் எக்காரணம் கொண்டும் இடமளிக்காதீர்கள்.

உங்கள் காரின் வயர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்து வழக்கப்படி இறப்பர் உறையும் அதன்மேல் பருத்தி நூல் பின்னலும் கொண்டவையாக இருக்கும். வெப்பத்தில் இறப்பர் காய்ந்து வெடிக்கிறது. பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கொழும்பின் புழுக்கத்தோடு கடல் உப்பும் சேரும்போது உள்ளே இருக்கும் செம்பு பச்சை பூத்து அரிபடுகிறது. ஹோர்ன் தானாக ஒலிப்பதற்கும் காரணம் இதுவேதான். இந்தக் காரில் ஹோர்னுக்கு மின்சாரம் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் பொத்தானை அழுத்தும்போது, ஹோர்னிலிருந்து பொத்தானுக்கு வரும் வயர் பொடியோடு (காரின் இரும்பு உடலோடு) இணைந்து சுற்று முடிவடைகிறது. அந்த வயரின் உறை எங்கோ வெடித்து, குலுங்கும்போது இரும்பில் படுகிறது. மின்சாரம் உண்டாக்கும் டைனமோவுக்கு அருகிலும் ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளும் போகும் வயர்களை, பட்டரியைக் கழற்றிய பிறகு, மெதுவாக வளைத்துப் பாருங்கள். உறை நொறுங்கினால் வெட்டி ஒட்டுவதில் பயனில்லை. ஒட்டிய இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி அடுத்த வெடிப்பு காத்திருக்கும்.

இதில் அவசரமும் உண்டு. உங்கள் காரில் இருப்பவை இரண்டே பியூஸ்கள். பட்டரியிலிருந்து வரும் தடித்த மண்ணிற வயருக்கும் ஹெட்லைட்டுக்குப் போகும் நீல வயர்களுக்கும் பியூஸ் கிடையாது. அவற்றில் ஒன்று பொடியில் பட்டால் கட்டு முழுவதும் எரிந்து முடியும் வரை மின்சாரம் நிற்காது. வேலை முடியும் வரை, காரை நிறுத்தியவுடன் பட்டரியின் ஒரு முனையையாவது கழற்றி வையுங்கள்.

இனிப் பழைய கட்டைப் பற்றி. எத்தனை நொறுங்கியிருந்தாலும், உங்கள் காரின் சரியான வரைபடம் அந்தக் கட்டுத்தான். எங்கள் வீட்டு ஒஸ்டின் ஏ40 காரின் வயர்களை ஒரு கராஜில் கத்தரிக்கோலால் அறுத்துக் குவித்துவிட்டார்கள். எந்தக் கிளை எந்தத் துளையால் போனது, எவ்வளவு நீளம் என்று அறிய வழியில்லாமல் பல வாரங்கள் தவித்தோம். அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆகவே கழற்றும் முன் ஒவ்வொரு முனையிலும் துணித்துண்டு கட்டி, எந்தக் கருவியின் எந்த முனைக்கு உரியது என்று எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பிறகு கட்டை முழுதாக உருவி எடுத்து, ஒரு பலகையில் விரித்து ஆணியடித்து வையுங்கள். புதிய கட்டு அதன்மேலேயே உருவாகட்டும்.

நிறங்களையும் மாற்ற விடாதீர்கள். இந்தக் காரின் மின்கருவிகளைச் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் முறையில் மண்ணிறம் பட்டரி வழி, வெள்ளை சாவி திறந்தபின் வருவது, பச்சை அதே வழியில் பியூஸைத் தாண்டியது, நீலம் ஹெட்லைட், சிவப்பு சிறு விளக்குகள், கறுப்பு ஏர்த், அதாவது பொடியோடு இணையும் வழி. எல்லாவற்றையும் ஒரே சிவப்பில் இழுத்துத் தந்தால், அடுத்த பழுதைத் தேடும் மெக்கானிக் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

கடையில் கிடைக்கும் வயர் என்று அவர் சொல்வது எது என்று கேளுங்கள். வீட்டுச் சுவருக்குள் போடும் 1.13 மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பியைக் காரில் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்; குலுக்கத்தில் அது முறிந்துவிடும். 0.30 மில்லிமீற்றர் இழைகள் பல சேர்ந்த, பிவிசி உறையிட்ட வாகன வயரே வேண்டும். சிறு விளக்குகளுக்கு 14 இழை போதும். அது ஏறத்தாழ 8 அம்பியர் தாங்கும். ஹெட்லைட்டுக்கு 28 இழை, பட்டரி வழிக்கு 44 இழை. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். ஒரு முனையைச் சீவி இழைகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்ற வேண்டாம். நம் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, சில மாதங்களில் இணைப்பு வெறுமையாகிவிடும்.

இங்கிலாந்திலிருந்து ஆயத்தக் கட்டை வரவழைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். 1959 கார் கதவுத் தூணிலிருந்து எழும் கைகாட்டி விளக்குகளோடு வந்தது. இங்குள்ள பல கார்களில் பின்னர் மினுக்கும் சிக்னல் பொருத்தியிருக்கிறார்கள். உங்களுடையது எது என்று சொல்லாமல் வாங்கினால், சிக்னலுக்கான வயரே இல்லாத கட்டு வந்து சேரும்.

ஹெட்லைட் மங்குவதற்குப் பெரும்பாலும் ஏர்த் இணைப்பே காரணம். ஏர்த் வயர் பொடியில் பூட்டப்படும் இடங்களில் நிறப்பூச்சைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியச் செய்து, கிரீஸ் தடவி இறுக்குங்கள். எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலுள்ள பட்டையையும் புதிதாக்குங்கள். ஹெட்லைட் வழிக்குப் புதிதாக ஒரு பியூஸ் சேர்ப்பதை நான் மனமார ஆதரிக்கிறேன். இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் தனித்தனியாகப் போட்டால், ஒன்று போனாலும் இரவில், காலிக்குச் செல்லும் காலி வீதியில் முழு இருட்டில் நிற்க நேராது. பழைய பியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர் மட்டுமே. ஆகவே, தொடர்ந்து தாங்கும் அளவே எழுதப்படும் இன்றைய தட்டைப் பியூஸில் 35 வாங்கிப் போடாதீர்கள்.

எல்லாம் பூட்டியபின் பட்டரியை நேரே இணைக்காமல், பட்டரி முனைக்கும் அதன் வயருக்கும் நடுவில் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை இணைத்துப் பாருங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்தால், எங்கோ ஒரு வயர் பொடியில் படுகிறது என்று பொருள். வயர் எரியாமல் பழுதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: என் பழைய பிரித்தானியக் காரில் பட்டரியின் நேர்முனை பொடியோடு இணைந்திருக்கிறது. வயரிங் மாற்றும்போதே இதை மறுபக்கம் மாற்றிவிடலாமா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: எல்ஈடி பல்போ, ரேடியோவோ, தொலைபேசி சார்ஜரோ பூட்டும் எண்ணம் இல்லையென்றால் மாற்றத் தேவையில்லை, அந்த முறையில் எந்தக் குறையும் கிடையாது. அவை வேண்டுமானால் வயர்கள் வெளியே இருக்கும் இந்த நேரமே உகந்தது. ஸ்டார்ட்டர் எப்படியும் ஒரே திசையில்தான் சுழலும். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கொயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். அம்பியர் மீற்றர் இருந்தால் அதிலும் அப்படியே. பட்டரியைப் புதிய முறையில் இணைத்தபின், டைனமோவின் சிறிய முனையிலிருந்து அதன் வயரைக் கழற்றி, பட்டரியின் நேர்முனையிலிருந்து வரும் ஒரு வயரால் அம்முனையை இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுங்கள். சிறு பொறி பறக்கும். டைனமோவின் காந்தம் இப்படித்தான் திசை மாறுகிறது. பிறகு கழற்றிய வயரை மீண்டும் பூட்டி, எஞ்சினை இயக்கி வேகத்தைக் கூட்டும்போது டேஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் வயரைக் கழற்றி மீண்டும் தொட்டுப் பாருங்கள். அது அணையும் வரை காரை வீதிக்கு எடுக்காதீர்கள்.