ஆறாம் மாதத்து அழுகை

அன்புள்ள அக்கா,

எனக்கு இது ஆறாம் மாதம். ஊர் கருங்கல் பக்கம், கணவர் சவுதியில். ஒரு மாதமாகச் சும்மா சும்மா அழுகை வருகிறது. பிள்ளை அசைவது தெரிகிறது, ஆனால் சந்தோஷம் வரவில்லை. மாமியிடம் சொன்னால், "வயித்துப்பிள்ளைக்காரி அழப்பிடாது, பிள்ளைக்கு ஆவாது" என்கிறார். அம்மை, "நாங்களும் பெத்தோம்தானே" என்கிறாள். இணையத்தில் வெள்ளைக்காரர்கள்தான் இதைப் பற்றி அதிகம் எழுதுகிறார்கள். இது நம் ஊரில் உள்ளதுதானா, இல்லை என் கோளாறா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோளாறு இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. வளரும் நாடுகளை மட்டும் எடுத்தால் 15.6 சதவீதம்.

ஊருக்கு ஊர் அதைச் சொல்லும் விதம் மாறுகிறது. ஜிம்பாப்வேயில் ஷோனா மொழிக்காரர்கள் 'குஃபுங்கிசிசா' என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். ஒரு பெண் அப்படிச் சொன்னால் அவளுக்கு முடியவில்லை என்று கேட்பவருக்குப் புரியும். நாமும் அதையே சொல்கிறோம், ஆனால் திட்டாக: "வேண்டாததை யோசிச்சுக்கிட்டு கிடக்காதே." பரீட்சைக்குப் போகிற பிள்ளை வெப்ராளமாக, அதாவது படபடப்பாக, இருக்கிறது என்றால் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்போம். வயிற்றுப்பிள்ளைக்காரி சொன்னால் மசக்கை என்றுவிடுவோம். அவள் சாப்பிடாததும் தூங்காததும் அந்தக் கணக்கிலேயே போய்விடும். எனக்கு அந்தச் சொல்மேல் கோபமே உண்டு.

1987-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 10 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உருவானது. பிரசவித்தவர்களுக்கென்று வந்தது, இப்போது கர்ப்பிணிகளிடமும் கேட்கிறார்கள். தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, எதையாவது ஆசையாக எதிர்பார்த்தீர்களா, தேவையில்லாமல் உங்களையே குறை சொன்னீர்களா என்று போகும். கடைசிக் கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு உங்கள் பதில் ஆம் என்றால் மேற்கொண்டு வாசிக்க வேண்டாம். மாமியை எழுப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளை வீடு தேடிப் போகும் சுகாதாரப் பணிப்பெண்கள் சந்தித்தார்கள். நம் கிராம செவிலியர் மாதிரிதான். அவர்களுக்குப் பேசப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நோய் என்று ஆரம்பிக்காமல் தாய், பிள்ளை நலம் என்று பேசினார்கள், வீட்டாரையும் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்து 6 மாதம் ஆனபோது அந்தப் பெண்களில் 23 சதவீதம் பேரிடம்தான் சோர்வு மிச்சமிருந்தது. பயிற்சி இல்லாதவர்கள் போய்வந்த வீடுகளில் 53 சதவீதம். 2008-இல் வெளியான ஆய்வு இது. எனக்குப் பெரிய நம்பிக்கை தந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. மாமியைக் கூட்டிக்கொண்டு போய், செவிலியரிடம் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். மாமியின் பயம் பிள்ளையைப் பற்றியது, அதைக் குறை சொல்ல முடியாது. அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, கவனிக்காமல் மாதக்கணக்கில் விட்டால்தான் சிக்கல் என்று செவிலியர் வாயால் அவர் கேட்கட்டும். தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு, அது மருத்துவர் முடிவு. கணவரிடமும் மறைக்காதீர்கள்.

ஏழாம் மாதம் அம்மை கூட்டிப்போக வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். போய்வந்து இரண்டு வரி எழுதுங்கள்.