வாசகர் கேள்வி: அணுக்கழிவை பாக்டீரியா தின்னுமா?

கேள்வி: பூமிக்கடியில் பல நூறு மீட்டர் ஆழத்தில் புதைக்கும் அணுக்கழிவை பாக்டீரியாக்கள் தின்றே தீர்த்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: தீர்க்காது. கதிரியக்கம் அணுக்கருவுக்குள் நடக்கிற சங்கதி. எந்த உயிரின் பசியும் அதுவரை எட்டாது. ஆனால் கழிவைச் சுற்றியுள்ள இரும்பு, செம்பு, நீர், வாயு எல்லாவற்றிலும் பாக்டீரியா கைவைக்கும். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

எஃகுக் கலனில் ஈரம் பட்டால், ஆக்சிஜன் இல்லாத ஆழத்திலும் அது மெல்ல அரிக்கும். அப்போது ஹைட்ரஜன் வெளிவரும். இறுக்கமான களிமண் பாறையில் வாயு சுலபமாக வெளியேறாது. அழுத்தம் ஏறினால் பாறை விரிசல் விடலாம். சுவிட்சர்லாந்தின் மோன் தெர்ரி நிலத்தடி ஆய்வகத்தில் பாறையைத் துளைத்து, அதற்குள் ஹைட்ரஜனைச் செலுத்திப் பார்த்தார்கள். அதையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் பெருகின. 2016இல் இந்த ஆய்வு வெளியானது. கலனைச் சுற்றி அடைக்கும் களிமண் காப்புக்கும் பாறைக்கும் நடுவே நுண்துளைகள் கொண்ட ஓர் அடுக்கை விட்டால் பாக்டீரியா அங்கே குடியேறி வாயுவைத் தின்னும் என்பது அந்த ஆய்வாளர்களின் யோசனை. எனக்குப் பிடித்த யோசனை.

சரி, ஆபத்து எங்கே? இந்த பாக்டீரியாக்களில் சில, ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து, சல்பைடை வெளியே விடுகின்றன. இரும்பு உப்பு சேர்த்த குப்பியில் இவற்றை வளர்த்திருக்கிறேன். தெளிந்திருந்த நீர் மை போலக் கறுத்துவிடும். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். அந்தச் சல்பைடு செம்பையும் அரிக்கும். பின்லாந்தின் ஓன்கலோ நிலத்தடி அணுக்கழிவுக் கிடங்கில், சுமார் 430 மீட்டர் ஆழத்தில், கழிவை வைக்கத் திட்டமிட்டிருப்பது செம்புக் கலன்களில்தான். அதனால் கலனைச் சுற்றிப் பென்டோனைட் களிமண்ணை அழுத்தி அடைக்கிறார்கள். நீர் பட்டதும் அது உப்பி, உள்ளிருக்கும் துளைகள் பாக்டீரியா வளர இடமில்லாத அளவுக்குச் சிறுத்துவிடும். அடர்த்தி குறைந்தால் இந்தக் காப்பும் தளர்ந்துவிடும் என்பதால், அடைக்கும் வேலையில் துளியும் அசட்டை கூடாது.

கேள்வி: யுரேனியம் கசிந்துவிட்டால் இவை உதவுமா?

பதில்: ஓரளவு உதவும். ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த யுரேனியத்துக்கு எலெக்ட்ரானைத் தந்து, எளிதில் கரையாத வடிவத்துக்கு மாற்றுகின்றன. அது அங்கேயே படிந்துவிடும். ஆனால் ஆக்சிஜன் நுழைந்தால் மறுபடி கரையலாம். கலனும் களிமண்ணும் பார்க்க வேண்டிய வேலையை பாக்டீரியாவின் தலையில் கட்டக் கூடாது.