சுரங்கத்து ஓடை நீரைப் பாய்ச்சலாமா?

கேள்வி: எங்கள் நிலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டரில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் இயங்குகிறது. கிணற்று நீர்மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கி, கோடையில் தரை தட்டுகிறது. ஆனால் சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் நீர் ஓடையில் ஆண்டு முழுவதும் தெளிவாக ஓடுகிறது. அதைச் சொட்டுநீரில் மக்காச்சோளத்துக்குப் பாய்ச்சியதில் சொட்டுவான்கள் அடைத்துக்கொண்டன; இலை ஓரமும் கருகுகிறது. ஜிப்சம் போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். போடலாமா, அல்லது போர்வெல்லை ஆழப்படுத்தலாமா?

பதில்: ஜிப்சம் வேண்டாம். அது சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீருக்கும் களர் நிலத்துக்கும் உரியது. நிலக்கரியோடு இருக்கும் பைரைட் என்ற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாறுகிறது. அந்த அமிலத்தை வழியிலுள்ள சுண்ணாம்புப் பாறை முறித்தால், கார அமில நிலை (pH) 7-ஐ ஒட்டிச் சரியாக இருப்பதுபோல் காட்டும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் சல்பேட்டும் நிறைந்திருக்கும். கால்சியம் சல்பேட்டே ஜிப்சம் என்பதால், ஏற்கெனவே உள்ள உப்பின் மேல் இன்னும் உப்பைப் பணம் கொடுத்து வாங்கிக் கொட்டுவதாகத்தான் முடியும். பரிசோதனை அறிக்கையைக் கேட்காமல் மூட்டைக் கணக்குச் சொல்பவர் விற்பனையாளரே தவிர ஆலோசகர் அல்லர். குழாயில் மாட்டும் காந்தக் கருவிகளும் உப்பைக் குறைப்பதில்லை.

தாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. சுரங்கத்தின் தரை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், வேலை நடக்க இரவு பகலாக நீரை இறைத்தாக வேண்டும். அதனால் சுற்றிலும் நீர்மட்டம் சுரங்கத்தை நோக்கிச் சரிகிறது. தங்கள் கிணற்றில் குறைந்த நீரில் ஒரு பங்குதான் ஓடையில் ஓடுகிறது என்று கருத இடமுண்டு. அந்த இறைப்பு நிற்கும் நாளில் ஓடையும் நின்றுவிடும்; பிறகு உயரும் நீர், உடைந்த பாறையிலும், சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டிலும் தேங்கிய உப்பைக் கரைத்துக்கொண்டு வரக்கூடும். எனவே சரிவின் போக்கு தெரியாமல் போர்வெல்லை ஆழப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

அளந்து எழுதாத விவசாயியின் புகார் எந்த அலுவலகத்திலும் எடுபடாது. மாதம் ஒருமுறை, மோட்டார் ஓடாத அதிகாலையில், முடிச்சிட்ட கயிற்றில் எடை கட்டிக் கிணற்றில் இறக்கி நீர்மட்டத்தையும், நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைக் கையடக்கக் கருவியாலும் அளந்து, மழையளவோடு சேர்த்து ஒரே நோட்டில் குறியுங்கள். மழை நன்றாகப் பெய்தும் மட்டம் ஏறவில்லை என்றால் அந்த நோட்டே சாட்சி சொல்லும். ஓடை நீரை மழைக்கு முன் ஒருமுறையும், மண்மேடுகளைக் கழுவிவரும் முதல் மழை நீரைத் தனியாக ஒருமுறையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரும்புக்கான மாதிரியை ஆய்வகம் தரும் அமிலமிட்ட புட்டியில்தான் பிடிக்க வேண்டும். சாதாரணப் புட்டியில் பிடித்தால் இரும்பு வழியிலேயே துருவாகி அடியில் படிந்துவிட, மேல்நீரை மட்டும் சோதித்து "இரும்பு குறைவு" என்று எழுதிவிடுவார்கள்.

தெளிவை நம்பாதீர்கள். கரைந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்ட பிறகே சொட்டுவான் வாயில் செம்மண் நிறக் கொழகொழப்பாகப் படியும். ஓடையோரம் தேங்கிய நீரில் எண்ணெய் போல மினுங்கும் படலத்தைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள்: சில்லுச் சில்லாக உடைந்தால் இரும்பு, மறுபடி ஒன்றுகூடினால் எண்ணெய்.

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் சொட்டுநீருக்கு ஆகாது. கார அமில நிலை 7-ஐ ஒட்டி இருந்தால், நீரை உயரத்திலிருந்து தொட்டியில் விழவிட்டு, ஒரு நாள் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் எடுக்கலாம். அமில நீரில் இந்த முறை பலிக்காது. இலைக் கருகலுக்கு உப்பு காரணமாக இருக்கலாம் என்பதால், மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் மக்காச்சோளத்தை விட்டுவிடுங்கள். அதற்குக் குறைவென்றாலும் மழைநீரோடு கலந்தே பாய்ச்சுங்கள். மாடுகள் இந்த ஓடையில் குடிக்கின்றனவா என்று தாங்கள் எழுதவில்லை. சல்பேட் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் கழிச்சல் வரலாம், தீவனத்திலுள்ள தாமிரமும் உடலில் சரியாகச் சேராமல் போகலாம். ஆகவே அறிக்கை கைக்கு வரும்வரை அவற்றுக்குக் கிணற்று நீரையே கொடுங்கள்.