நிகோடெமஸுக்கு வராத ரயில்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கச் சமவெளிகளில் தண்டவாளம் போன வழியெல்லாம் வேளாண் சிற்றூர்கள் முளைத்தன என்று எழுதியிருந்தீர்கள். நிலத்தைத் திருத்தி ஊரை எழுப்பியவர்கள் உழவர்கள் அல்லவா? அவர்களைவிட ரயிலுக்கு அதிக இடம் கொடுத்துவிட்டீர்களோ என்று தோன்றியது.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குறை நியாயமானது. உழவர்களைப் பற்றி நான் இன்னும் விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஆனாலும் ரயிலுக்குக் கொடுத்த இடத்தைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம், கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கில் இருக்கும் நிகோடெமஸ் என்ற ஊர்.

தென்மாநிலங்களில் கருப்பின மக்களுக்குக் காவலாக இருந்த கூட்டாட்சிப் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்ட 1877-ஆம் ஆண்டில்தான் அவ்வூர் தோன்றியது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த பல குடும்பங்கள், 1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி 160 ஏக்கர் வரை சொந்த நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கென்டக்கியிலிருந்து புறப்பட்டு, எல்லிஸ் நிலையம்வரை ரயிலிலும், அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தரைவழியாகவும் வந்து சேர்ந்தன. வந்த இடத்தில் ஊர் என்று சொல்லக் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை. 1878-இல் வந்த வில்லியானா ஹிக்மன், நிகோடெமஸ் எங்கே என்று தாம் கேட்டதையும், கணவர் தரையிலிருந்து எழுந்த புகையைச் சுட்டிக்காட்டியதையும், அதைக் கண்டு தாம் அழுததையும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மரம் அரிதான அந்தப் புல்வெளியில் மக்கள் மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். முதல் குளிர்காலத்தில், வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் உணவைப் பகிர்ந்து கொடுத்ததை அவ்வூரார் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். உழுமாடும் கலப்பையும் பெரும்பாலோரிடம் இல்லாததால், மண்வெட்டியால் கொத்தியே விதைத்தார்கள். நீங்கள் சொல்லும் உழவர்கள் இவர்கள்தாம்.

பத்தாண்டுகளுக்குள் அங்கே தேவாலயங்களும் பள்ளியும் கடைகளும் தங்கும் விடுதிகளும் இரண்டு செய்தித்தாள்களும் இருந்தன. அவ்வூரில் குடியேறிய எட்வர்டு மெக்கேப் 1882-இல் மாநிலத் தணிக்கையாளராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆனால் கோதுமை எடை மிகுந்த பொருள். மூட்டைகளை மாட்டுவண்டியிலோ குதிரைவண்டியிலோ ஏற்றி நெடுந்தூரத்து நிலையத்துக்குக் கொண்டுபோவதற்குள் விளைச்சலின் இலாபம் வழியிலேயே கரைந்துவிடும். ஆகவே மிசூரி பசிபிக் நிறுவனம் தங்கள் ஊர்வழியே பாதை போடுவதற்காக 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு 1887-இல் ஊர்மக்கள் வாக்களித்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கலப்பைகூட இல்லாதிருந்தவர்கள் இவ்வளவு பெரிய கடனைத் தலைமேல் ஏற்கத் துணிந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்தப் பாதை வரவில்லை. 1888-இல் யூனியன் பசிபிக் நிறுவனம் தன் பாதையைச் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போட்டது. சில மைல் தொலைவில் அமைந்த அதன் முகாம் போக் என்ற ஊராயிற்று. நிகோடெமஸின் வணிகர்கள் கடைகளை மூடிக்கொண்டு ஆற்றைக் கடந்து அங்கே போனார்கள்.

ஆற்றின் இரு கரையிலும் மண் ஏறத்தாழ ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். உழைப்பில் நிகோடெமஸ் யாருக்கும் குறைந்ததன்று; சொல்லப்போனால் மூத்த ஊரும் அதுவே. இருந்தும் கடைத்தெரு போக் ஊருக்குப் போயிற்று. ரயிலுக்கு நான் கொடுத்த இடம் அதன் பெருமைக்காக அன்று. ஓர் ஊரின் வாழ்வும் தாழ்வும் அவ்வூரார் அமர்ந்து பேசாத ஏதோ ஓர் அறையில் வரைபடத்தின்மேல் முடிவாயின என்பதைக் காட்டுவதற்காகவே.

நிகோடெமஸ் முற்றிலும் அழிந்துவிடவில்லை. சில குடும்பங்கள் நிலத்தை விடாமல் உழுதுகொண்டே இருந்தன. 1996-இல் அது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் கோடையில், அடிமைத்தளை நீங்கிய விடுதலை நாளையொட்டி, வெளியூர்களில் வாழும் வழித்தோன்றல்கள் அங்கே வந்து கூடுகிறார்கள். என் கட்டுரையில் விடுபட்டுப்போன இவர்களை, உங்கள் கடிதத்தை முன்னிட்டு, இப்போது சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்.