ஏற்காட்டுல காளான் ரூம்ல வச்ச டெம்பரேச்சர் சென்சார் கதவ சாத்துனா ஆஃப்லைன் போயிடுது, சிக்னல எப்படி கூட்டுறது?

நீங்க கேட்டது சுருக்கமா இதான். வீட்டுல ரூட்டர், அங்கிருந்து சரிவுல ஒரு 60 மீட்டர் கீழ பட்டன் காளான் ரூம், உள்ள நாலு வைஃபை சென்சார். பகல்ல கதவு தொறந்து வேலை நடக்குறப்ப ரீடிங் ஒழுங்கா வருது, சாயங்காலம் சாத்துனா போச்சு, பனி எறங்குற நாள்ல இன்னும் மோசம், பூஸ்டர் வாங்கலாமாங்குறீங்க.

வாங்காதீங்க. உங்க வீட்டுல ட்ரில் மிஷின் இருக்கான்னு பாருங்க மொதல்ல.

நான் சேலத்துல ஏசி, கோல்ட் ரூம் சர்வீஸ் பாக்குறவன். கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு பழ கோடவுன்ல இதே பஞ்சாயத்து, அந்த கோடவுன் அண்ணன் என்கிட்ட, "தம்பி, கதவு தொறந்தா பேசுது சாத்துனா வாய மூடிக்குது, காத்து கருப்பு ஏதும் அடிச்சிருக்கா"ன்னு கேட்டாரு. நான் போன்ல வைஃபை அளக்குற ஆப் ஒண்ண போட்டுட்டு சென்சார் பக்கத்துலயே நின்னு கதவ சாத்த சொன்னேன். தொறந்திருந்தப்ப மைனஸ் 62, கதவு சாத்தி லாக் விழுந்த சத்தம் கேட்டதும் மைனஸ் 89. இந்த நம்பர் டிபிஎம்ங்குற கணக்கு, மைனஸ் 60ன்னா ஜோரு, 70 வரைக்கும் கவலையில்ல, 80 தாண்டுனா விட்டு விட்டு வரும், 90க்கு போனா முடிஞ்சுது. ஒவ்வொரு 10 எறங்கும்போதும் வர்ற பவர் பத்துல ஒரு பங்கா கொறையும், அப்ப 27 எறங்குனா ஐநூறுல ஒரு பங்கு தான் மிச்சம்னு பாத்துக்கங்க. கதவு ஒண்ணுக்கு இவ்ளோ!

காரணம் பஃப் பேனல், அதாவது ரூமோட சுவரா நிக்குற, குளிர் வெளிய போகாம தடுக்குற பலகை. நடுவுல இருக்குற ஃபோம்ல சிக்னல் சும்மா போயிடும், ஆனா ரெண்டு பக்கமும் தகரம் ஒட்டியிருக்கே, அதனால ரூமே ஒரு மூடுன எவர்சில்வர் தூக்கு மாதிரி தான். வெளிய எவ்ளோ பெரிய ஆன்டெனா வச்சாலும் உள்ள கதவு சந்துல கசியுறது மட்டும் தான் வரும். சூட்டை அளக்குற முனை உள்ள இருந்தா போதும், பேசுற பாக்ஸ் எதுக்கு உள்ள இருக்கணும்? இத பிடிச்சுக்கங்க, முக்கால்வாசி வேலை முடிஞ்சுது.

டிஎஸ்18பி20ன்னு ஸ்டீல் முனை வச்ச ப்ரோப் வயரோட கெடைக்கும், 3 மீட்டர் வயர் இருக்குறதா பாத்து வாங்குங்க. பேனல்ல 10 எம்எம் ஓட்டை, வெளிப்பக்கம் லேசா கீழ சாஞ்ச மாதிரி போடுங்க (உள்ள ஒயரும் கேஸ் பைப்பும் எங்க ஓடுதுன்னு பாக்காம ட்ரில் வச்சுடாதீங்க, அது வேற கதையா போயிடும்), வயர விட்டு ரெண்டு பக்கமும் சிலிகான் அடைங்க. அடைக்காம விட்டா ஈரம் ஃபோமுக்குள்ள எறங்கி பேனலே வீணாகும், காளான் ரூம்ல ஈரப்பதம் 85, 90 சதவீதம்ல நிக்கும்ல. ப்ரோபோட டேட்டா வயருக்கும் ப்ளஸ்ஸுக்கும் நடுவுல 4.7 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் கண்டிப்பா வேணும். அப்புறம் ஒண்ணு, ரீடிங் திடீர்னு 85ன்னோ மைனஸ் 127ன்னோ வந்தா பதறாதீங்க, ரூட்டரயும் திட்டாதீங்க. 85ங்குறது சென்சார் கரண்ட் வந்ததும் காட்டுற மொத நம்பர், 127 வந்தா வயர் எங்கயோ விட்டுப்போச்சுன்னு அர்த்தம். ரெண்டுக்கும் சிக்னலுக்கும் சம்பந்தமே கெடையாது.

வெளிய வைக்குற பாக்ஸ் ப்ளாஸ்டிக்கா இருக்கட்டும். ஒரு எடத்துல எலக்ட்ரீஷியன் அழகா இரும்பு டிபிக்குள்ள (கரண்ட் ஸ்விட்ச் வைக்குற பெட்டி) வச்சு பூட்டியிருந்தாரு, என்னத்த சொல்றது. பேனல் தகரத்துல ஒட்டி வைக்காம ஒரு சாண் தள்ளி க்ளாம்ப்ல நிறுத்துங்க, ஆன்டெனா நிமிர்ந்து நிக்கணும், ரூட்டரோடதும் அதே மாதிரி நிக்கணும்.

இப்ப சரிவு விஷயம், இதுல நானே சூடு பட்டவன். ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்ல காபி காயப்போடுற களம் வீட்டுக்கு நல்லா கீழ இருந்துச்சு, நான் பெரிய புத்திசாலி மாதிரி 9 டிபிஐ (ஆன்டெனா சிக்னல எவ்ளோ குவிச்சு அனுப்புதுங்குற கணக்கு) குச்சி ஆன்டெனா வாங்கி மாடியில நட்டேன். இருந்த சிக்னலும் போச்சு! சின்ன ஆன்டெனா சிக்னல மெதுவடை மாதிரி சுத்தி பரப்பும், ஓரளவு உப்பி மேல கீழயும் போகும். டிபிஐ கூடுனா அந்த வடைய அமுக்கி தோசை ஆக்குற மாதிரி, மாவு அதே அளவு தான், தூரம் போகும் ஆனா தட்டையா போகும். என் தோசை களத்துக்கு மேலயே பறந்து எதிர் மலைக்கு போயிட்டிருந்துச்சு. கடைசியில பழைய 3 டிபிஐ குச்சியவே திரும்ப மாட்டுனேன். உங்களுக்கும் சரிவு தான், ஒரே திசையில அடிக்குற தட்டை ஆன்டெனாவ கீழ பாத்து சாச்சு வைக்கலாம், குச்சி வேணாம்.

பனி பத்தி ஒரு விஷயம். வைஃபையோட 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல பனி ஒண்ணும் பண்ணாது, உண்மையா. பண்றது நனைஞ்ச எலை, வழியில காபிச் செடியோ சில்வர் ஓக்ல ஏறுன மொளகு கொடியோ இருந்தா அதுல ஒட்டுன தண்ணி சிக்னல குடிச்சிடும். எலை மட்டத்துக்கு மேலயோ கிளைக்கு அடியிலயோ ரெண்டு ஆன்டெனாவும் ஒண்ண ஒண்ணு பாக்குற மாதிரி வைங்க. இன்னொன்னு பாக்ஸுக்குள்ள வேர்க்குறது. வயர் மேல இருந்து நேரா எறங்காம தொட்டில் மாதிரி தொங்கிட்டு அடியில இருந்து உள்ள போகட்டும், தண்ணி அந்த தொங்கல்லயே சொட்டிடும். பேட்டரியில ஓடுற சென்சாரா இருந்தா, குளிருக்கு சாதா செல் துவண்டு போயி, வைஃபை ஆன் ஆகுற அந்த நொடியில வோல்டேஜ் விழுந்து ரீசெட் ஆகும், பாக்குறதுக்கு சிக்னல் போன மாதிரியே இருக்கும். அடாப்டர் போட்டு பாருங்க.

இவ்ளோ பண்ணியும் மைனஸ் 80ஐ விட நல்லா வரலைன்னா ரிப்பீட்டர் ஒண்ணு போடலாம், ஆனா காளான் ரூம் வாசல்ல வைக்காதீங்க, அங்க வர்றதே செத்த சிக்னல், அதையே தான் அது திருப்பி சொல்லும். பாதி வழியில, இன்னும் 65, 70 காட்டுற எடத்துல வைங்க. மொபைல் டவருக்குன்னு விக்குற பூஸ்டர் வைஃபைக்கு உதவாது, அனுமதியில்லாம மாட்டுனா சட்டப்படி தப்பும் கூட.

பின்னாடி இன்னும் ரெண்டு ஷெட் தள்ளி போட போறீங்கன்னா லோரா (கொஞ்சூண்டு தகவல ரொம்ப தூரம் அனுப்புற ரேடியோ) யோசிங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ நாலு எழுத்து அனுப்புறதுக்கு வைஃபை தேவையே இல்ல. லோரா மைனஸ் 120லயும் காது கேக்கும். வாங்குறப்ப 865-868 மெகாஹெர்ட்ஸ் மாடல் தானான்னு பாத்துக்கங்க, நம்ம நாட்டுல லைசென்ஸ் வேணாம்னு விட்டிருக்குறது அது தான், ஆன்லைன்ல 915 தள்ளிவிடுவாங்க, அது அமெரிக்காவுக்கு. ஆன்டெனா மாட்டாம கரண்ட் குடுத்துடாதீங்க, மாட்யூல் போயிடும்.

இப்போதைக்கு சென்சார் இருக்குற எடத்துல போன வச்சு, கதவ சாத்தி மைனஸ் எவ்ளோன்னு பாருங்க, அப்புறம் அதே சுவத்துக்கு வெளிப்பக்கம் வச்சு பாருங்க. ரெண்டுக்கும் 20க்கு மேல வித்தியாசம் வந்தா ட்ரில்ல எடுங்க, பூஸ்டர் ஏற்கனவே ஆர்டர் போட்டிருந்தா கேன்சல் பண்ணிடுங்க.