பட்ஜெட்டைப் பற்றிக் கேள்வி கேட்கும் மகளை என்ன படிக்கவைப்பது?

வணக்கம் அம்மா. கணக்கில் நல்ல மதிப்பெண் வைத்துக்கொண்டு, இன்ஜினியரிங் வேண்டாம், பொருளாதாரம்தான் படிப்பேன் என்று மகள் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். வேறு இடம் கிடைக்காதவர்கள் சேருகிற படிப்பாயிற்றே என்பது உங்கள் பயம். அரசாங்கம் எதற்குச் செலவு செய்கிறது, எதற்குச் செய்வதில்லை என்று வீட்டில் ஓயாமல் வாதாடுகிறாளாமே, அதை நான் நல்ல அறிகுறியாகத்தான் பார்க்கிறேன்.

அவள் வாதாடும் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசுக் கணக்கில் சம்பளம், மானியம், வட்டி எல்லாம் வருவாய்ச் செலவு. பாலம், ரயில் பாதை, துறைமுகம் எல்லாம் மூலதனச் செலவு. டெல்லியிலுள்ள தேசிய பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, மூலதனச் செலவாகப் போடும் ஒரு ரூபாய் நாட்டின் உற்பத்தியை 2.45 ரூபாய் கூட்டும் என்று கணக்கிட்டது. உதவித்தொகை, மானியமாகக் கொடுத்தால் ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவுதான்.

சரி, எல்லாப் பணத்தையும் கட்டுமானத்தில் போட்டுவிடலாமா? இலங்கையில் மத்தள விமான நிலையத்தை 2013இல் திறந்தார்கள், விமானங்கள்தான் வரவில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டி வந்தது. இரண்டும் மூலதனச் செலவுதான். நம் ஊர் சத்துணவோ கணக்கில் வருவாய்ச் செலவு. ஆனால் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கியதும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தன. படித்து வந்த அந்தத் தலைமுறைதான் பிறகு தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போனது. இந்தப் பலன் எந்த வருட பட்ஜெட்டிலும் வரவாகத் தெரியாது. வளரும் நாட்டில் பணம் குறைவு, தேவை அதிகம். அதனால் எந்தச் செலவு எத்தனை வருடத்தில் என்ன தரும் என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும். உங்கள் மகள் அதற்குத்தான் ஆசைப்படுகிறாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். வெறும் பி.ஏ.வோடு நிறுத்தினால் வேலை கிடைப்பது கஷ்டம். எம்.ஏ. வரை ஐந்து வருடம் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பாடத்திட்டத்தில் கணிதமும் புள்ளியியலும், பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் அளக்கும் எகனாமெட்ரிக்ஸும் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கை விட்டுவிட்டால் நல்ல எம்.ஏ. இடங்கள் கைநழுவும். பி.ஏ.வுக்கு அப்புறம் மேல்படிப்புக்குச் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜாம் என்கிற முதுகலை நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. என்று வழிகள் உண்டு. எம்.ஏ. முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம். அதில் இடங்கள் மிகக் குறைவு, அதை மட்டுமே நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் துறை, வங்கிகள், ஆய்வு நிறுவனங்கள், தரவுப் பகுப்பாய்வு வேலைகள் எல்லாம் இருக்கின்றன.

சேர்க்கைக்கு முன் ஒன்று செய்யுங்கள். தமிழ்நாடு அரசின் பட்ஜெட் உரை தமிழிலேயே இணையத்தில் கிடைக்கிறது. அதில் பள்ளிக் கல்விக்கும் நெடுஞ்சாலைக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மூன்று வருடக் கணக்கை அவளே எடுத்து ஒப்பிட்டு எழுதட்டும். ஆர்வமாக முடித்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். பாதியில் சலித்துவிட்டால் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், மறுபடி பேசுவோம்.